உணவுப் பதிவுச் செயலிகளும் தமிழ் உணவுச் சொற்களும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் உண்பதைத் திறன்பேசியில் பதிவுசெய்து, அதன் ஆற்றலையும் ஊட்டச்சத்தையும் கணக்கிட்டுக் காட்டும் செயலிகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றின் பிழைகள் பெரும்பாலும் தொழில்நுட்பக் குறைகளாகவே பேசப்படுகின்றன. ஆனால் தமிழ் உணவைப் பொறுத்தவரை அவற்றுள் முதன்மையானவை மொழி சார்ந்தவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். செயலி உணவை அளப்பதில்லை. உணவின் பெயரைப் பெற்றுக்கொண்டு, அப்பெயருக்கு எதிரே எழுதப்பட்ட எண்ணைத் திருப்பித் தருகிறது. எனவே பெயரில் நேரும் மயக்கம் எண்ணில் பிழையாக வெளிப்படுகிறது. பெயர், வினை, அளவு, உண்பவர் என்னும் நான்கு நிலைகளில் இம்மயக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அதைக் களைவதில் தமிழ் அகராதியியலுக்கு உள்ள பொறுப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உணவுப் பதிவு, செயலி, உணவுச் சொற்கள், வட்டார வழக்கு, அகராதியியல், ஊட்டச்சத்து அட்டவணை.

முன்னுரை

நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றுக்கான சிகிச்சையில் ‘என்ன உண்டீர்கள்?’ என்பது மருத்துவர் தவறாமல் கேட்கும் வினா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023இல் முடிவுகள் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இத்தனை பேரிடம் அமர்ந்து கேட்டு எழுதுவதற்கு உணவியல் வல்லுநர்கள் போதமாட்டார்கள். அவ்விடத்தைச் செயலிகள் நிரப்ப முன்வந்துள்ளன. அமெரிக்காவில் 2005இல் தொடங்கப்பட்ட மைஃபிட்னஸ்பால், பெங்களூரில் 2012இல் தொடங்கப்பட்ட ஹெல்திஃபைமீ ஆகியன இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. உணவின் பெயரைத் தட்டச்சு செய்தல், பொட்டலத்தின் மேலுள்ள பட்டைக்குறியீட்டை வருடுதல், தட்டைப் படமெடுத்தல் ஆகிய வழிகளில் இத்தகைய செயலிகள் தரவைப் பெறுகின்றன.

தாம் உண்பதைத் தாமே குறித்துவைப்போர் உடல் எடையைக் குறைப்பதில் கூடுதலாக வெற்றி பெறுகின்றனர் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன. எனவே செயலிகளை முற்றாக மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவை தரும் எண் எங்கிருந்து வருகிறது, தமிழர் உணவுக்கு அவ்வெண் எவ்வளவு பொருந்துகிறது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

1. எண்ணின் பிறப்பிடம்

செயலியின் திரையில் தோன்றும் கலோரிக் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளின் பயனாக, 1 கிராம் மாவுச்சத்துக்கும் 1 கிராம் புரதத்துக்கும் 4 கிலோ கலோரி, 1 கிராம் கொழுப்புக்கு 9 கிலோ கலோரி என்னும் பொது வாய்பாடு நிலைபெற்றது. இன்றைய செயலிகளும் இவ்வாய்பாட்டின் மீதே நிற்கின்றன.

இந்திய உணவுகளுக்கான அட்டவணை தமிழ்நிலத்தில் உருவானது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அவ்வாய்வுப் பிரிவே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. மெக்காரிசனுக்குப் பின் அதன் இயக்குநராகப் பணியாற்றிய அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். அந்நிறுவனம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படும் அது 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணை, 528 உணவுப் பொருள்களில் 151 கூறுகளின் அளவைத் தருகிறது.

இவ்வட்டவணையில் உள்ளவை பெரும்பாலும் அரிசி, பருப்பு, கீரை, மீன் போன்ற சமைக்காத பொருள்களே. மக்கள் உண்பதோ சமைத்த உணவு. அரிசியிலிருந்து பொங்கலுக்கும், பருப்பிலிருந்து சாம்பாருக்கும் செல்ல ஒரு செய்முறை வேண்டும். அச்செய்முறையைச் செயலியை உருவாக்குவோர் தெரிவு செய்கின்றனர். அல்லது பயனர்கள் தாமே பதிவேற்றுகின்றனர். மைஃபிட்னஸ்பாலின் தரவுத்தளம் பெருமளவு பயனர்களின் பங்களிப்பால் ஆனது. அட்டவணையின் எண் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. செயலியின் எண்ணோ அவ்வளவோடு யாரோ ஒருவரின் செய்முறையையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. இவ்விரண்டையும் இணைப்பது உணவின் பெயரே.

2. பெயர்: ஒரு சொல், பல உணவுகள்

ஒரு பெயருக்கு ஒரு செய்முறை என்னும் எடுகோள் பொட்டலத்தில் அடைத்த உணவுக்குப் பொருந்தும். குறிப்பிட்ட நிறுவனத்தின் பிஸ்கட்டு எவ்வூரிலும் ஒன்றே. தமிழ் உணவுப் பெயர்கள் அவ்வாறானவை அல்ல.

‘களி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் களி என்றால் கேழ்வரகு மாவை நீரில் கிண்டி உருட்டிய உணவு. அதில் இனிப்பும் இல்லை. எண்ணெயும் இல்லை எனலாம். மார்கழித் திருவாதிரையன்று செய்யப்படும் களி, வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்ந்தது. தென்மாவட்டங்களில் பூப்பெய்திய பெண்ணுக்குத் தரும் உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் முதன்மையானவை. மூன்றும் களியே. நீரிழிவு உள்ள ஒருவர் உளுந்தங்களியை உண்டு, பட்டியலில் ‘களி’ என இருப்பதைத் தொட்டு, அது கேழ்வரகுக் களிக்குரிய எண்ணாக அமையுமானால், அவர் உட்கொண்ட இனிப்பும் கொழுப்பும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அவருடைய இரத்தச் சர்க்கரை உயர்ந்ததற்கான காரணத்தை மருத்துவர் வேறெங்கோ தேட நேரும்.

‘கூழ்’ என்பதும் இத்தகையதே. தமிழகத்தில் கூழ் என்றதும் கம்பு அல்லது கேழ்வரகுக் கூழ் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் அது ஒடியற்கூழைக் குறிக்கும். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவுடன் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை முதலியன சேர்த்துக் காய்ச்சப்படுவது அது. முன்னதில் சிறுதானியத்தின் மாவுச்சத்து மேலோங்க, பின்னதில் கடலுணவின் புரதமும் சேர்கிறது. ‘சொதி’ யாழ்ப்பாணத்தில் இடியாப்பத்துக்கு ஊற்றும் நீர்த்த தேங்காய்ப்பால் குழம்பு. திருநெல்வேலியில் காய்கறிகளும் பாசிப்பருப்பும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்ந்த விருந்துக் குழம்பு.

இம்மயக்கத்தை ஆங்கிலப் பெயர்ப்பு மேலும் பெருக்குகிறது. வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்புக்குழம்பு ஆகியன மூன்றும் ‘கறி’ என ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. ஒன்றில் எண்ணெயும், ஒன்றில் தயிரும், ஒன்றில் பருப்பும் மேலோங்கி நிற்பது பெயரிலேயே வெளிப்படையாக இருந்தது. பெயரை மாற்றியதும் அச்செய்தி அழிகிறது. கஞ்சி, கூழ் ஆகிய இரண்டும் ‘போரிட்ஜ்’ ஆகும்போது, மேலைநாட்டு ஓட்ஸ் கஞ்சியின் பாலும் சர்க்கரையும் இவற்றின் கணக்கில் ஏறுவதற்கும் வாய்ப்பு உண்டு. தமிழ் உணவுப் பெயர்களின் முன்னொட்டுகள் அணிகள் அல்ல; மூலப்பொருளைச் சுட்டும் தரவுகள் என்பதை இதனால் உணரலாம்.

3. வினை: உண்டதும் தின்றதும் குடித்ததும்

தமிழ் மரபு உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன எனப் பகுத்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் வேறுவினைப் பொதுச்சொல் பற்றிய விதி ஒன்று உண்டு. பல்வேறு வினைகளுக்குரிய பொருள்களை உள்ளடக்கிய பொதுப்பெயரை, அவற்றுள் ஒன்றற்கே உரிய சிறப்பு வினையால் முடித்தல் கூடாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்கு ‘அடிசில்’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். அடிசிலில் உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் அடங்குதலால், அதனை அயின்றார், மிசைந்தார் எனப் பொதுவினையால் கூற வேண்டுமேயன்றி, உண்டார் என்றோ தின்றார் என்றோ கூறுதல் மரபன்று என்பது அவர்தம் விளக்கம்.

இவ்விதி இங்குச் சுட்டப்படுவது பழந்தமிழர் ஊட்டச்சத்தியல் அறிந்திருந்தனர் என நிறுவுவதற்காக அன்று. வினை மாறினால் பொருளின் எல்லை மாறும் என்னும் மொழியுணர்வு இன்றைய வழக்கிலும் தொடர்வதைக் காட்டவே. ‘சாப்பிட்டீர்களா?’ என்னும் வினாவுக்கு, காலையில் 2 இட்டலியும் தேநீரும் உட்கொண்ட ஒருவர் ‘இன்னும் சாப்பிடவில்லை, பலகாரம்தான்’ என விடை கூறுவதைக் கேட்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வழக்கில் ‘சாப்பாடு’ என்பது சோறு. விரத நாளில் இரவு உப்புமா உண்பவரும் தம்மை உண்ணாதவராகவே கருதுகிறார். தேநீர் குடிக்கப்படுவது, முறுக்கு தின்னப்படுவது, வெற்றிலை போடப்படுவது. இவை எவையும் ‘சாப்பிட்டது’ என்னும் தலைப்பின்கீழ் நினைவுக்கு வருவதில்லை. நாளொன்றுக்கு நான்கு முறை சர்க்கரையிட்ட தேநீர் அருந்துபவரின் பதிவில் இவ்விடுபாடு சிறியதன்று.

நேரில் கேட்டறியும் ஆய்வாளர்கள் இதை அறிந்தே செயல்பட்டனர். கடந்த 24 மணிநேர உணவை நினைவிலிருந்து கூறவைக்கும் முறையில், அமெரிக்க வேளாண் துறை வகுத்த 5 படிகளுள் ஒன்று, மறந்துவிட்ட உணவுகளை வகைவகையாகக் கேட்டு நினைவூட்டுவது. தமிழில் இப்படியைச் செய்வதற்கு மொழியே துணைநிற்கிறது. என்ன குடித்தீர்கள், இடையில் என்ன தின்றீர்கள், வாயில் என்ன போட்டீர்கள் எனத் தனித்தனியே வினவினால் விடையும் தனித்தனியே வரும். காலை, மதியம், இரவு என வேளைகளை மட்டும் வரிசைப்படுத்தும் திரைக்கு இவ்வாய்ப்பு இல்லை.

4. அளவு: கரண்டியும் கிராமும்

செயலிகள் கிராம், கோப்பை, கிண்ணம், எண்ணிக்கை ஆகியவற்றால் அளவைக் கேட்கின்றன. இட்டலிக்கும் தோசைக்கும் எண்ணிக்கை ஒருவாறு பொருந்தும். சோற்றுக்கு அவ்வாறன்று. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கிலோ கலோரி தரும். 100 கிராம் சோறு ஏறத்தாழ 130 கிலோ கலோரியே தரும். ஆங்கிலத்தில் அரிசியும் சோறும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், ஆங்கிலப் பட்டியலில் தவறான வரியைத் தொடுபவரின் கணக்கு இரண்டரை மடங்குக்கும் மேல் பிழைபடும். நெல், அரிசி, சோறு என மூன்று நிலைகளையும் தனிச்சொற்களால் பிரித்துவைத்த மொழியில் இப்பிழைக்கு இடமில்லை. தமிழில் பதிவு செய்வது மொழிப்பற்றினால் மட்டுமன்றித் துல்லியத்தினாலும் தேவையாகிறது என்பதற்கு இது தக்க சான்று.

மறுபுறம், தமிழ் அளவைச் சொற்களும் சிக்கலற்றவை அல்ல. கரண்டி, குழிக்கரண்டி, உருண்டை, கைப்பிடி, கவளம் ஆகியன வீட்டுக்கு வீடு வேறுபடுவன. இதனால்தான் 1972இல் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பின் களப்பணியாளர்கள், அளவு தெரிந்த கிண்ணங்களைக் காட்டி மக்கள் உண்ட அளவைக் கேட்டறிந்தனர். சொல்லுக்கும் அளவுக்கும் இடையிலான இணைப்பை அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக நிறுவினர்.

இச்சிக்கலைப் படம் தீர்த்துவிடும் என்பது இன்றைய நம்பிக்கை. படம் மேற்பரப்பைக் காட்டும். ஆழத்தை முழுமையாகக் காட்டாது. பொங்கலில் உருகிக் கலந்த நெய்யும், குழம்பில் கரைந்த தேங்காயும் படத்தில் தெரிவதில்லை. 10 கிராம் எண்ணெய் கூடினால் 90 கிலோ கலோரி கூடும் என்பதை அட்வாட்டர் வாய்பாட்டிலிருந்தே அறியலாம். அவ்வெண்ணெய் தாளிப்பில் மறைந்துவிடுகிறது. மேலும் படம் உண்பதற்கு முன் எடுக்கப்படுகிறது. இலையில் மறுமுறை பரிமாறப்படும் சோறு அதில் இடம்பெறுவதில்லை.

5. உண்பவர்: தட்டும் பானையும்

செயலியின் அலகு தனிமனிதர். தமிழ்க் குடும்பத்தில் சமையலின் அலகு பானை. திறன்பேசியை வைத்திருப்பவர் உண்கிறார். எவ்வளவு எண்ணெய் இட்டது என்பதை அறிந்தவர் சமைத்தவர். பல வீடுகளில் இவ்விருவரும் வேறு வேறானவர்கள். அறிவு ஓரிடத்திலும் பதிவு வேறிடத்திலும் இருக்கின்றன.

சமைத்த பெண் இறுதியில் உண்பதும் நம் வீடுகளில் காணப்படும் நடைமுறையே. தட்டில் பரிமாறிக்கொள்ளாமல், சட்டியில் எஞ்சியதைப் பிசைந்து உண்ணும் அவருடைய உணவுக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. மிஞ்சியது, வழித்தது என்னும் சொற்களே அதற்குரியவை. குருதிச்சோகை மிகுந்த நாட்டில், எவருடைய உணவு முதலில் அறியப்பட வேண்டுமோ அவருடைய உணவே பதிவுக்கு வெளியே நிற்கிறது. முந்தைய ஆய்வுகள் வீட்டின் மொத்த உணவை எடையிட்டு, நுகர்வு அலகுகளாகப் பகுத்துக் கணக்கிட்டன. அம்முறையும் வீட்டுக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வை முழுமையாக வெளிப்படுத்தவில்லை. ஆயினும் பானையைத் தவறவிடவில்லை.

உண்பவரை அடையாளம் காட்டும் ஆற்றல் உணவுப் பதிவுக்கு உண்டு என்பதும் கருதத்தக்கது. இந்தியச் சூழலில் ஒருவர் உண்பதும் உண்ணாததும் அவருடைய சமயத்தையும் சாதியையும் நோயையும் கருவுற்றிருத்தலையும் உய்த்துணரச் செய்யும். ரமலான் மாதத்தில் பகல் முழுதும் வெறுமையாக இருக்கும் பதிவே ஒரு செய்தி. மைஃபிட்னஸ்பாலின் ஏறத்தாழ 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவாடப்பட்டமை 2018இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது எனினும், உடல்நலத் தரவுக்கெனத் தனி வகைமையை அது வகுக்கவில்லை.

6. அரசின் பதிவு: வழங்கியதும் உண்டதும்

தனிமனிதர் தாமே விரும்பிச் செய்யும் பதிவில் நேரும் பிழை அவரையே சாரும். அரசின் பதிவில் நேரும் பிழை, உணவு கிடைப்பதையே பாதிக்கலாம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் அங்கன்வாடிகளில் 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலி பயன்படுத்தப்படுகிறது. குழந்தைகளின் வருகை, உயரம், எடை, வழங்கப்பட்ட உணவு ஆகியவற்றை அங்கன்வாடிப் பணியாளர் அதில் பதிகிறார். வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துணவுப் பொருளைப் பெறுவோரின் முகத்தை அடையாளம் காணும் முறையும் அதில் இணைக்கப்பட்டுள்ளது.

இச்செயலி பதிவது வழங்கப்பட்டதை. உண்ணப்பட்டது அதற்குத் தெரியாது. கருவுற்ற பெண்ணுக்குத் தரப்பட்ட சத்துமாவு வீட்டில் அனைவருக்கும் பகிரப்படலாம். ‘வழங்கப்பட்டது’ என்பதை ‘உண்ணப்பட்டது’ எனப் படிப்பது மீண்டும் ஒரு வினைமயக்கமே.

தமிழகத்தின் முன்னனுபவம் ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகள் மாதந்தோறும் எடையிடப்பட்டனர். எடை வளர்ச்சி அட்டையில் குறிக்கப்பட்டு, வளர்ச்சி தளர்ந்த குழந்தைகளுக்குத் துணையுணவு தரப்பட்டது. அங்குப் பதிவு நோக்கியது பிள்ளையின் உடலை. முகம் பொருந்தினால் பொருளைத் தரும் முறையில் பதிவு நோக்குவது பெறுபவரின் அடையாளத்தை. முன்னது யாருக்கு இன்னும் தேவை எனக் கேட்கிறது. பின்னது யாருக்குத் தரலாம் எனக் கேட்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்துள்ளது எனினும் வினா சுருங்கியுள்ளது என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படுவது.

7. அகராதியியலின் பொறுப்பு

மேற்கண்ட குறைகளைச் செயலி உருவாக்குவோர் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. களி எத்தனை வகை, எவ்வூரில் எது, எதில் என்ன சேரும் என அவர்கள் அறிய விரும்பினால் எந்தத் தமிழ் நூலை நாடுவர்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் தமிழ் அகராதியியலின் பெருஞ்சாதனை. ஆயினும் உணவுப் பெயர்கள் பலவற்றுக்கு அதில் ‘பணியாரவகை’ என்பது போன்ற விளக்கமே கிடைக்கிறது. வகை என்பதற்கு அப்பால் எவ்வகை என்பது கூறப்படவில்லை. பின்வந்த வட்டார வழக்குத் தொகுப்புகளிலும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளிலும் உணவின் பெயரும் சடங்குச் சூழலும் இடம்பெறும் அளவுக்குப் பொருள்களின் விகிதம் இடம்பெறுவதில்லை. செயலி செய்யும் சுருக்கத்தை நாமும் செய்தே வந்துள்ளோம்.

இந்திய உணவுக் கூறு அட்டவணை மூலப்பொருள்களின் பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் தருகிறது. சமைத்த உணவுக்கு இத்தகைய பணி முழுமையாக நடைபெறவில்லை. சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை தென்னிந்திய உணவுகளுக்கெனத் தனித் தரவுத்தளத்தையும் வினாநிரலையும் உருவாக்கிப் பயன்படுத்திவருவது, இப்பணி இயலக்கூடியதே என்பதைக் காட்டுகிறது. அத்தகைய முயற்சிக்குத் தமிழ்த்துறைகள் அளிக்கக்கூடியது வட்டாரச் சொல்லறிவு. ஒவ்வொரு உணவுப் பெயருக்கும் வழங்கும் பகுதி, மூலப்பொருள், பொருள்களின் விகிதம், நீர்மை, உண்ணும் சூழல், அதற்குரிய வினை, வீட்டு அளவை ஆகிய கூறுகளுடன் பதிவு அமைதல் வேண்டும். தமிழ்த்துறையும் மனையியல் அல்லது ஊட்டச்சத்தியல் துறையும் ஒருங்கே உள்ள கல்லூரிகளில், ஒரு வட்டத்தின் உணவுச் சொற்களை இவ்வாறு தொகுப்பதை முதுகலை ஆய்வேடாகவே மேற்கொள்ளலாம். ஆய்வாளர் துலாக்கோலுடன் சமையலறைக்குச் செல்ல வேண்டும் என்பது மட்டுமே புதிது. சமைப்பவரே இவ்வாய்வின் தகவலாளர் ஆதலால், செயலியில் இடம்பெறாத அவருடைய அறிவும் பதிவுக்குள் வரும்.

முடிவுரை

உணவுப் பதிவுச் செயலிகள் ஒரு பெயருக்கு ஒரு செய்முறை, எல்லா உணவுக்கும் ஒரே வினை, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, ஒரு பதிவுக்கு ஓர் உண்பவர் என்னும் எடுகோள்களின் மீது இயங்குகின்றன. தமிழ் உணவு வழக்கு இந்நான்குக்கும் முழுமையாக இசைவதில்லை. இதனால் எழும் பிழை நீரிழிவாளரின் மருந்தளவையும், கருவுற்ற பெண்ணின் சத்துமாவையும் தொடக்கூடியது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ உணவின் அளவை உண்பவரின் பசியிலும் செரிமானத்திலும் வைத்துக் காண்கிறது. இன்று அவ்வளவு திரையில் தோன்றும் எண்ணுக்கு மாறிவருகிறது. அம்மாற்றத்தைத் தடுப்பது இயலாது. எண்ணுக்குப் பின்னுள்ள பெயரைச் சரிசெய்வது இயலும். களி என்று ஒருவர் சொன்னால் எந்தக் களி எனத் திருப்பிக் கேட்கும் செயலி உருவாக வேண்டுமெனில், அவ்வினாவுக்கான விடைகளை முதலில் தமிழாய்வு தொகுத்துத் தர வேண்டும்.